இடது கை பாக்கெட்டில்

மேற்குத் தாம்பரம் வாழ் பெருமக்களுக்கும், குறிப்பாக இப்போது எந்தத் தாம்பரத்திலும் இல்லாத உனக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: உன் கட்டிலுக்கடியில் கிடந்த வாஷிங் மெஷின் மோட்டார் இன்று சாயங்காலம், என் ஒருவனின் திறமையால் சுற்றியது. மாலை, பொன்னாடை எல்லாம் ஏற்கப்படும்.

மச்சான், உங்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். இனி கீழ்க்கட்டளையில், இதைவிடச் சிறிய வீடு. நீ காய்ச்சலில் போனதிலிருந்து உன் அறைப் பக்கம் வராத அத்தை இன்று என்னைக் கூப்பிட்டார். உன்னை மச்சான் என்றால் உங்கம்மா எனக்கு அத்தைதானே? பழைய இரும்புக்கடையில் நீ பொறுக்கி வந்ததெல்லாம் கடைக்கே திரும்பிவிட்டது. நீ கடைசியாகக் கொண்டுவந்த இது மட்டும் மிச்சம்.

"ஓடிச்சுன்னா என்கூட எடுத்துனு போறேன்பா. ஓடலைன்னா இதையும் கடையில போட்டுடறேன். சும்மா கெடக்கறத பாத்தா பேஜாரா கீது."

வெளியே இழுத்ததும் பழைய கிரீஸ் வாசனை. நீதான் மோட்டாரைப் பலாப்பழம் மாதிரி மோந்து பார்ப்பாயே. "டேய், வாங்க வந்தியா, துன்ன வந்தியா?" என்று கடைக்காரர்கூடக் கேட்டார். நானும் மோந்தேன். கருகிய வாசனை இல்லை. மோட்டாரின் தண்டை விரலால் சுழற்றினேன், சிக்கவில்லை. மூன்று ஒயர். இரண்டிரண்டாக மீட்டரில் பிடித்ததில் ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு காட்டியது. அந்த ஜோடியில் சேராத ஒயர்தான் உள்ளே இருக்கும் இரண்டு சுருளுக்கும் பொது. கண்டுபிடித்துவிட்டேன், பார்த்தாயா!

பிறகு கெப்பாசிட்டர், பிறகு நம் வழக்கப்படி கரன்ட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பு. "பளிச்சுனு எரிஞ்சு மங்குனா உயிர் கீது. பளிச்சுனே நின்னா ஷார்ட்டு," என்பாய்.

"ஒரு கைய பாக்கெட்ல வுடு மச்சான்," என்று அடுத்த உத்தரவும் போடுவாய்.

"ஏன், உள்ள பிரியாணியா கீது?"

"ஒரு கையில பூந்த கரன்ட்டு இன்னொரு கை வழியா போவக்கூடாதுடா. நடுவுல நெஞ்சு கீது."

உனக்கு அதைப் பற்றித்தான் எப்போதும் கவலை. ஷாக் அடித்ததுபோல் நான் ஒருநாள் நடுங்கிக் காட்டியபோது, துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டாய். நடிப்பு என்று தெரிந்ததும் இன்னொரு தட்டு.

சரி, அந்த 'என் ஒருவனின்' என்பதை மட்டும் அடித்துவிடு. ஸ்விட்சை எப்போதும் நீதானே போடுவாய். ஒயரையெல்லாம் மாட்டிவிட்டேன், விரல் மட்டும் ஸ்விட்ச் வரை போகவில்லை. சுற்றாவிட்டால் இதுவும் போய்விடுமே.

"இன்னாடா நிக்கற?"

"கை வரல அத்தை."

அவர் என்னை நகர்த்திவிட்டு வந்தார். புடவையில் பாக்கெட் ஏது? இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, மச்சான். இத்தனை நாளும் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஸ்விட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்றது. அது மங்கியதா என்று மட்டும் என்னைக் கேட்காதே. உன் சூராதி சூரன், இரண்டு கையையும் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"கண்ணத் தொறடா," என்றார் அத்தை. "சுத்துது."