பௌலியாசி ஆடிய ஆட்டம்

ஹௌமா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சியாலேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆக்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் தம்பி பௌலியாசி சிவப்புச் சட்டை போட்டுத் தொங்கா நாட்டு அணிக்காக ரக்பி ஆடிய அன்று நீ போனில் அழுதுகொண்டே சிரித்தாயே, அப்போது உன்னிடம் பேசாமல் நான் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

பௌலியாசிக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. போலீஸ் வேலைக்கு நடுவே பதிமூன்று வருடமாக அந்தச் சட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடும் யாராவது வந்து அவன் இடத்தில் நின்றுகொள்வார்கள். இந்த முறை அந்தக் கிளப்புகள் ஆளை விடவில்லை, அதனால் அணிக்காரர்கள் இவனைக் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிடுவதற்கு இரண்டு நாள் முன்பு நம் ஊர் ஆட்டத்தில் ஒருவன் முழங்கால் இவன் தலையில் இடித்தது. எழுந்து சிரித்தான், அதனால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்தான், ருசி மாறினதுகூடத் தெரியவில்லை. மறுநாள் ஜெபம் நடக்கும்போது எந்தப் பாட்டு என்று என்னை மூன்று தடவை கேட்டான். தன் மகளை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அணியில் கூப்பிட்ட செய்தி வந்ததும், தலையில் பட்ட அடியாலா இப்படி என்று நான் தனியாகக் கேட்டேன். என் கையைப் பிடித்து வேதபுத்தகத்தின்மேல் வைத்து, “யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா, இந்தத் தடவை விட்டா இனி என்னை எவன் கூப்பிடப் போறான்” என்றான். நானும் சத்தியம் செய்தேன். அவன் கெஞ்சினான் என்பதற்காக மட்டும் இல்லை சியாலே, எனக்கும் அந்தச் சட்டையில் அவனைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை மனம் கேட்காமல் பஸ் ஏறிப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். அணியின் டாக்டரம்மா தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், சின்ன வயசுதான். “என்ன பெரியவரே, பையனைப் பாக்க வந்தீங்களா” என்றாள். மைதானத்தின் நடுவிலிருந்து அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சுட்ட கிழங்குப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, “பிள்ளைகளுக்குக் கொடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை நீ பார்த்தாய். ஆட்டத்துக்கு முன்னால் ஆடும் போர்நடனத்தில் அவன் தொடையைத் தட்டின தட்டைப் பார்த்து அம்மா எழுந்து நின்றுவிட்டாள். முதல் பாதியில் ஒருவனைத் தடுக்கப் போய்த் தலை தரையில் இடித்ததையும் பார்த்திருப்பாய். உடனே எழுந்தான். அப்புறம்தான் நாலு பேரை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான், சமோவாவை மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஊரே ஆடியது. வண்டியில் வரும்போது கழுத்தில் மாலையோடு என் பக்கம் சாய்ந்து, “எத்தனை மணிக்குப்பா ஆட்டம், லேட்டாயிடப் போகுது” என்றான்.

அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இனி ஆடவே கூடாது, ஞாபகம் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் பன்றியும் கிழங்கும் சுட்டு விருந்து வைத்தார்கள். ஆளாளுக்கு வந்து அவன் பந்தை வைத்த கதையைச் சொல்ல, யாரோ ஒருவன் சாதித்ததைக் கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது நிஜமா நான்தானா” என்கிறான்.

நேற்று என்னிடம், “முன்னாடியே அடிபட்டுச்சான்னு டாக்டரம்மா கேட்டாங்க, இல்லைன்னுட்டேன். சரிதானேப்பா” என்றான். என்னிடம் வாங்கின சத்தியமும் அவனுக்கு நினைவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேரே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவனிடமும் சொன்னேன். “தெரிஞ்சுமா விட்டீங்க” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்று காலை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, முகத்தில் ஒன்றும் இல்லாமல், “முன்னாடி எனக்கு அடிபடலதானேப்பா” என்று மறுபடி கேட்டான். மறுபடியும் சொன்னேன்.

நீ தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள். இதற்கு என்ன செய்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஆட்டத்தைப் பற்றி நீயாகப் பேச்சு எடுக்காதே. அவன் கேட்டால் மட்டும், எத்தனை தடவை கேட்டாலும், முதல் தடவை சொல்வதுபோலச் சொல்லு.

உன் அப்பா
செமிசி