நீக்கச் சொன்னவள் நான்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. இருக்கிறோம். அத்தைக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்த பாப்பா இந்த வாரம்தான் மறுபடி போக ஆரம்பித்திருக்கிறாள். உன் சிநேகிதர் விடுமுறை முடிந்து அங்கே திரும்புவதாகச் சொன்னார். அவர் கையில் இதையும், கூடவே ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தனுப்புகிறேன். சட்டை உன் அண்ணனுடையது. தோள் உனக்குச் சரியாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தி சேனலின் வக்கீலிடமிருந்து நேற்று ஒரு நோட்டீஸ் வந்தது. அண்ணன் இடிபாட்டுக்குள் கிடந்த காட்சிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை இணையத்திலிருந்தும் நீக்க வேண்டும் என்று ஒளிபரப்புப் புகார்களை விசாரிக்கும் குழு உத்தரவு போட்டதல்லவா? மன்னிப்பைப் பெயருக்கு வாசித்துவிட்டார்கள். நீக்கச் சொன்னதை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்கிறார்களாம். இறந்தவரின் சொந்தத் தம்பியே நீக்க வேண்டாம் என்கிறார் என்று காரணம் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காட்சிக்குக் கீழே நீ எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "இது என் அண்ணன். அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்."

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அடக்கத்துக்குக்கூட உன்னால் வர முடியவில்லை. உன் முதலாளி கையை விரித்துவிட்டார். அண்ணன் என்று உனக்குக் கடைசியாகக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் தம்பி, நீ போனில் பார்ப்பது ஒரு துண்டு. இங்கே நடந்ததை முழுசாக உனக்கு யாரும் சொல்லவில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்று மூடி மூடி வைத்தோம்.

அன்று அந்தக் கடைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அடித்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பின்பக்கம் மொத்தமும் சரிந்தது. நான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருந்தேன், போன் அலமாரிக்குள். அத்தை வீட்டில் வெங்காயம் உரித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மீட்புப் படைக்கு முன்னாலேயே பக்கத்துச் சந்து வழியாகக் கேமராவும் மைக்கும் உள்ளே போய்விட்டன. எல்லாம் நேரலை. இடுப்புக்குக் கீழே கான்கிரீட்டில் மாட்டிக் கிடந்தவரிடம், வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று ஒரு நிருபர்ப் பெண் கேட்டாள். அவர் சொன்னது உனக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது. கொஞ்சம் தண்ணி குடுங்க."

அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்று மகன் கெஞ்சுவதை அந்த அம்மாவே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தபோது, அத்தை டிவியை ஒட்டி நின்று திரையைத் தடவித் தடவி, "சொல்ல மாட்டாங்கப்பா, சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அண்ணன் உயிர் போனதையும் அந்தச் சேனல்தான் அத்தைக்குச் சொன்னது. திரைக்கு அடியில், சிவப்புப் பட்டையில்.

அதோடு விட்டார்களா? வயலின் இசையைச் சேர்த்து ஒரு வாரம் ஓட்டினார்கள். பிறகு அந்தக் குரலை ஊரே எடுத்துக்கொண்டது. வெயில் கொளுத்துகிறது என்று சிரிப்பு வீடியோ போடுகிறவன்கூட உன் அண்ணன் குரலை வெட்டி ஒட்டுகிறான். பாப்பா வகுப்பில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால், பின்பெஞ்சில் ஒருத்தன், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பானாம். கெட்ட பிள்ளை இல்லை, யார் குரல் என்றே அவனுக்குத் தெரியாது என்று டீச்சர் சொன்னார். பாப்பாவுக்குத் தெரியுமே. அவள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் மயங்கி விழுந்து, என்னைக் கூப்பிட்டனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த வாரமே நான் புகார் கொடுத்தேன்.

விசாரணை அறையில் நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். காட்சியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று பெரிய திரையில் போட்டார்கள். வெளியே போய் இருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார்கள். நான் போகவில்லை. அவரைத் தனியாக அவர்கள் நடுவில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. சேனலின் ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் இதைக் காட்டியதால்தான் மீட்புப் படை அவ்வளவு சீக்கிரம் வந்தது என்றார். அதற்கு அந்தப் படையின் அதிகாரி எழுந்து, "நாங்க வந்தப்ப சந்து வாயை அடைச்சுக்கிட்டு நின்னதே உங்க வண்டிதான் சார்" என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு அந்த நிருபர்ப் பெண் என் பின்னாலேயே வந்தாள். வயது உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அன்று அவள் காதில் மாட்டியிருந்த கருவி வழியாக, விடாதே, பேச வை, பேச வை என்று ஸ்டுடியோவிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்களாம். "என் பையிலயே தண்ணி இருந்துச்சுக்கா" என்றாள். நான் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவள் இப்போது அந்த வேலையில் இல்லை என்று கேள்வி.

மன்னிப்பு எப்படி வந்தது தெரியுமா? மத்தியானம், விளம்பரத்துக்கு முன்னால், மூச்சு விடாமல் வாசித்தார்கள். வாசிக்கிறவருக்குப் பின்னால் ஓடியது அதே காட்சி, முகத்தை மட்டும் கலங்கலாக்கி. அன்று மாலையே, ஊடகத்தின் வாய்க்குப் பூட்டா என்று ஒரு விவாதம். இந்தப் பெண்ணை யார் தூண்டிவிடுகிறார்கள் என்று ஒருத்தர் மேஜையைத் தட்டிக் கேட்டார். மறுநாள் சலவைக் கூடத்தில் சிலர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. டிவியை அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே சத்தம் கேட்டால் அத்தை கதவைச் சாத்திக்கொள்கிறார்.

அவர் குரல் வேறு எதிலும் இல்லை என்று நீ எழுதியது உண்மைதான். போனைத் தூக்கினாலே, "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். ஆனால் அவர் லிஃப்டோடு பேசுவதை நீ கேட்டிருக்கிறாயே! "ஏண்டி, மூணாவது மாடி என்ன உனக்குச் சம்பந்தி வீடா, போனா திரும்ப மாட்டேங்கிறே?" கீழே வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் சிரித்துவிடுவார்கள். அதுதான் உன் அண்ணன். அந்தக் காட்சியில் இருப்பது, வலியில் கிடந்தவரிடமிருந்து அடுத்தவர்கள் பிடுங்கிக்கொண்டது. சொல்லிடாதீங்க என்று அவரே கேட்டார். அவர் கடைசியாகக் கேட்டதில் இனி நம்மால் செய்ய முடிவது அது ஒன்றுதான், தம்பி.

உனக்கு வேண்டுமானால் உன் போனில் எடுத்து வைத்துக்கொள். கேட்காமல் இருக்க முடியாத அன்றைக்குக் கேள், நான் தடுக்க மாட்டேன். ஊர் நடுவில் கிடக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். மேல்முறையீட்டில் உன்னையும் எழுதிக் கேட்பார்கள்; அதற்கு நீ என்ன பதில் எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. நீ எது எழுதினாலும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்காமல் பாப்பாவிடம் கொடுத்துவிடுவது கோபத்தால் இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். கல்யாணமான புதிதிலேயே நான் ஏமாந்து போயிருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் நீ கூப்பிட்டு "ஹலோ" என்றாய். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் பொய்யாகப் போய்விட்டது. அப்புறம் "அண்ணி" என்றாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நானே எடுக்கிறேன். அத்தைக்கும் தருகிறேன், உன் குரலைக் கேட்க வேண்டும் என்று அவரும் ஏங்கிப்போயிருக்கிறார். என்னிடம் மட்டும், எடுத்தவுடனே முதல் வார்த்தையாக "அண்ணி" என்று சொல்லிவிடப்பா. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி