பெரட்டில் கேட்ட பதினேழாவது குரல்

அக்கரப்பத்தனை,
ஜூன் 11, புதன்கிழமை.

அன்புள்ள மதுரனுக்கு,

நலம். உன் தாயின் முழங்கால் வலி சென்னை வெயிலில் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. கூடவே என் இருமலும். ஹட்டன் பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்ததால் பஸ் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே இக்கடிதம் உன் கைக்கு எப்போது வருமோ தெரியாது. வந்தவுடன் பதில் எழுது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உன் படத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதும்படி கேட்டிருந்தாய். உன் பெரியம்மாவிடம் அப்படிக் கேட்பது ஆபத்து என்று தெரிந்தேதான் கேட்டிருப்பாய். 'பறக்கும் பெரட்டு' சிரிப்பு வராத நகைச்சுவைப் படம். அறிவியல் இல்லாத அறிவியல் படம். தேயிலை மலையில் இறங்கும் விண்கலத்தைப் புதிய கொழுந்து உலர்த்தும் இயந்திரம் என்று எண்ணித் தோட்டத் துரை தேங்காய் உடைக்கிறார், அது சரி. ஆறு கை கொண்ட வேற்றுக்கிரகவாசியிடம் தொழிற்சங்கத் தலைவர் அங்கத்துவப் படிவத்தை நீட்டுகிறார், அதுவும் சரி. மீதி நேரமெல்லாம் யாராவது சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் இங்கே ஆண்டில் எட்டு மாதம் வழுக்கித்தான் விழுகிறோம். அதைத் திரையில் பார்த்துச் சிரிப்போம் என்று உனக்கு யார் சொன்னது? விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பதைப் பேராதனையில் இரசாயனம் படித்த நான் சொல்லித்தானா நீ அறிய வேண்டும்?

கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். இடைவேளைக்கு முன்பே பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பின்பு அந்தக் காட்சி வந்தது. வேற்றுக்கிரகத் தளபதி கங்காணி வேடம் போட்டு, காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சி. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

தவறு என்னுடையது. தோட்டத்துப் பெயர்கள் சில வேண்டும் என்று நீ கேட்டபோது, பேனாவுக்கு வந்த பதினாறு பெயர்களை எழுதி அனுப்பினேன். யோசித்து எழுதியதாக நினைவில்லை. கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் நீ படம்பிடித்தபோது அங்குள்ளவர்களுக்கு அவை வெறும் பெயர்கள். இங்கே அப்படியல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்சரிவில் புதைந்த மேல்கணக்குப் பிரிவு லயத்து மனிதர்களின் பெயர்கள் அவை. லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பரா அறைகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். பெரட்டில் இறந்தவர் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பது இவர்களுடைய பயம். எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை.

லயத்தில் புதைந்தவர்கள் பதினேழு பேர். கடைசிக் காம்பராவிலிருந்த சுலக்ஷனாவின் பெயரை நான் எழுதவில்லை. அவள் என் உயர்தர வகுப்பு மாணவி. இங்கே கொழுந்து எடுக்கும் வீரம்மாவின் ஒரே பிள்ளை.

திரையில் தளபதி பதினாறாவது பெயரைக் கூப்பிட்டுத் தாளை மடிக்கிறான். அதன்பின் யாரும் யாரையும் கூப்பிடாமலேயே ஒரு பெண்குரல், "உள்ளேன் டீச்சர்" என்கிறது.

பெரட்டில் அப்படி எவரும் பதில் சொல்வதில்லை. இந்தப் பகுதியில் அப்படிச் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளை வற்புறுத்திய ஒரே ஆள் நான்.

என் காதுக் கோளாறு என்றே முதலில் எண்ணினேன். மறுநாள் நிப்ராஸின் தொலைபேசிக் கடைக்குச் சென்று அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஒலிபெருக்கிப் பெட்டிகளில் காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "டீச்சர், மத்தவங்க பேசுறப்ப ஒண்ணும் இல்ல. இந்தப் புள்ள பேசுறப்ப மட்டும் பின்னால மழ பெய்யுது." காட்சியோ உச்சி வெயிலில் எடுத்தது. கடையை விட்டு நான் இறங்கும்போது அவன் தேநீர்கூடக் குடிக்கச் சொல்லவில்லை, எப்போதும் சொல்பவன்.

அந்தத் துண்டை வீரம்மா தன் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டாள். தினமும் காலையில் லயம் புதைந்த சரிவு மேட்டில் போய் நின்று அதைப் போடுகிறாள் என்று கங்காணி முறையிட்டார். மூன்று வாரமாக வேலைக்கும் போகவில்லை. திட்டுவதற்காகவே அவளை வரச் சொன்னேன். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். "எம்புள்ள உங்களத்தானே கூப்புடுது டீச்சர், நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு அது பள்ளிக்கொடத்துக்கு வந்துச்சா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் தன் மகளின் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் ஏசுவாள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காம்பராவில் படுத்திருந்து செத்த பிள்ளை என்றுதான் ஏச்சு. தான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தேன் என்றும், மகள் சொல்வழி கேளாததால் போனாள் என்றும் ஊரெல்லாம் சொல்வாள். அவளுக்கு அப்படிச் சொன்னது நான்தான். வரவுப் பதிவேட்டைத் திறந்து, அந்தத் திகதியில் வரவில்லை என்று சிவப்பு மையால் இட்ட பூச்சியத்தைக் காட்டினேன்.

பூச்சியம் உண்மைதான், மதுரன். எட்டு மணிக்கு வகுப்புக் கதவைச் சாத்திப் பதிவேட்டை மூடுவது என் வழக்கம். சாத்திய கதவை எவருக்காகவும் திறந்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அன்று நான் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் கழித்து, முழங்கால்வரை சேறும் தலைமேல் உரச்சாக்குமாக அவள் யன்னலோரம் வந்து நின்று அதே இரண்டு சொற்களைச் சொன்னாள். நாளைக்கு நேரத்தோடு வா என்று திருப்பி அனுப்பினேன். மண் பத்து மணிக்குச் சரிந்தது. வகுப்பிலிருந்த நான்கு பிள்ளைகளும் பின்பு அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

வீரம்மாவிடம், சென்னையில் ஏதோ ஒரு பெண் குரல் கொடுத்திருப்பாள், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "பேரக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கி நல்லது செய்யணும்" என்றாள். அன்றிலிருந்து நாள் தவறாமல் காலையில் வந்து, கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மேட்டுக்கு ஏறுகிறாள். இந்த மழையில் அந்த மேடு நிற்காது. தோட்டத்தில் சொல்லிவிட்டேன், கிராம சேவகரிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஒருவர் பேச்சையும் கேட்பதில்லை. நான் உண்மையைச் சொன்னால் கேட்பாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்பதும் தெரியும்.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குரல் யாருடையது என்று எழுது. குரல் கொடுத்த பெண்ணின் பெயர், வயது, ஊர் எல்லாம் வேண்டும். அப்படி ஒருத்தி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு பெயரை எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தவுடனே பொய் எது என்று எனக்குத் தெரிந்துவிடும், இருந்தாலும் எழுது. ஓய்வுபெறும்போது பள்ளியில் ஒப்படைத்திருக்க வேண்டிய அந்தப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது. உன் கடிதம் வராவிட்டால் அதை மறுபடியும் வீரம்மாவின் முன்னால் திறக்கவேண்டி வரும். பூச்சியத்துக்கு மேல், வந்தாள் என்று எழுதுவதற்குப் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். கைதான் வரமாட்டேன் என்கிறது.

நீயும் உன் தாயும் நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும். அடுத்த படமாவது சிரிக்கும்படி எடு. பெயர்கள் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேள். காலையில் எட்டு மணிக்கு நான் இப்போதெல்லாம் வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. சாரல் உள்ளே வந்து தரையெல்லாம் ஈரம். சீக்கிரம் எழுது.

உன் பெரியம்மா,
மரகதவல்லி