குதிரை ஊசி

என் கண்ணு,

போன்ல அழுதுடுவேன், அதான் எழுதறேன். அப்பா நல்லாத்தான் இருக்கார். பாம்பு கடிச்சப்போ உயிரைக் காப்பாத்தினது குதிரை ரத்தத்துலேருந்து எடுத்த மருந்துதான். ஒரு வாரம் கழிச்சு அதுவே ஒத்துக்காம காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம்னு ஆளைப் படுக்கப் போட்டுடுச்சு. இப்ப வீக்கம் வடிஞ்சிடுச்சு. "கனைக்கலையேன்னு சந்தோஷப்படு"ன்னு கிண்டல் வேற!

டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "மறுபடி கடி வாங்கினா இந்த ஊசியே ஆபத்தாகலாம், பாம்பு பிடிக்க விடாதீங்கம்மா"ன்னார். இவரா கேக்கற ஆளு? அதான் பாம்பு பிடிக்கிற கொக்கியை பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன்.

இன்னிக்கு ஒரு வீட்டுல நாகம்னு கூப்பிட்டாங்க. இவர் கொக்கியை எல்லா இடத்துலயும் தேடினார். நான் வாயே திறக்கல. அது இல்லாம போக மாட்டார்னு நினைச்சேன்டி.

கொக்கி என் மடியில இருக்கு. அவர் வெறுங்கையோட போயிருக்கார்.

வாசலையே பார்த்துக்கிட்டு,
உன் அம்மா