ஒரு ஆள் தூக்கும் பெட்டி

என் இல்லத்து மகாராணிக்கு, அடியேன் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

நீ அடுக்கிக் கொடுத்த பெட்டி, யானைக்குட்டியை விழுங்கியதுபோல் கனத்தது. இந்த ரயிலில் சாமான்களை வாங்கி ஏற்ற ஆளும் இல்லை, அவற்றை வைக்கத் தனி ரயில்பெட்டியும் இல்லை. என்னோடு வேலைக்குத் திரும்பிய அறைத்தோழன், அந்த வெல்டர், "அண்ணே, நான் மேல நின்னு இழுக்குறேன், நீங்க கீழருந்து தள்ளுங்க" என்று ஏறினான். ஏறியவன் காலியாயிருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நானே மலையைப் பெயர்த்து ஏற்றி, ஒன்பது மணி நேரம் கழிவறை வாசலில் அதன்மேல் கொலுவீற்றிருந்தேன். சிரித்துக்கொள்.

பெட்டியில் பாதி, நீ அவனுக்காகத் தைத்த பஞ்சுப் போர்வைதான் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நானே போர்த்திக்கொள்கிறேன். இங்கே பேச அவன் ஒருவன்தான் இருந்தான்; இப்போது அவனோடும் பேச்சில்லை. இனி உன் கடிதங்கள் ரயில் நீளத்துக்கு வரட்டும்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒரு ஆள் தூக்குகிற மாதிரி சின்னப் பெட்டி ஒன்று பார்த்து வை.