பத்தொன்பது மண்புழுக்கள்

ஆகஸ்ட் 4, இரவு

என் அன்பு அக்காவுக்கு,

படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் காட்டாதே, உன் காலில் விழுகிறேன். விடுதியில் விளக்கணைத்து வெகு நேரமாயிற்று. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பள்ளித் தோட்டத்து மண் உனக்குத் தெரியுமே, கட்டடம் இடித்துக் கொட்டிய இடம். நட்டது எதுவும் நிமிராது. பத்து மாதமாகச் சமையலறைக் காய்த்தோலும் சருகும் சாணமும் அடுக்கி மக்கவைத்துப் போட்டேன். சனிக்கிழமைதோறும் ஒரு சாண் குழி தோண்டி, மண்புழுக்களை எண்ணி நோட்டில் எழுதினேன். முதல் நான்கு மாதம் சைபர். போன வாரம் பத்தொன்பது! அங்கேயே குதித்தேன், எல்லாரும் சிரித்தார்கள்.

நேற்று தோட்டத்து டீச்சர் என் மண்ணை வெட்டி வேலியோரம் கொட்டச் சொல்லிவிட்டார். நாற்றமாம். லாரியில் வாங்கிய கறுப்பு மண்ணைப் பரப்பியாயிற்று. பதினான்காம் தேதி பள்ளித் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். "எல்லாம் நாங்களே வளப்படுத்திய மண்" என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். நோட்டையும் கேட்டார்.

"பத்தொன்பதுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போடு. குடியா முழுகிடும்?"

தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அது என் பெட்டியின் அடி அட்டைக்குக் கீழே இருக்கிறது. நடுவர்களிடம் காட்டப் போகிறேன். ஆனால் விடுதிக்கும் அதே டீச்சர்தான் பொறுப்பு. தெரிந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார். பயமாக இருக்கிறது, அக்கா. என்ன செய்யட்டும்?

உன்
மண்புழு

(நீ வைத்த இந்தப் பெயரை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.)

ஆகஸ்ட் 9

என் செல்ல மண்புழுவே,

கிழித்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்துகூட இளைத்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. டீச்சர் என்ன கொலையா செய்யச் சொன்னார்? ஒரு நாள் பேசிவிட்டுப் போயேன். நோட்டை அவரிடமே கொடுத்துவிடு. உன் பள்ளியில் காலியாகும் வேலைக்கு நான் மனு போட்டிருப்பது உனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் நாம் ஒரே இடத்தில் இருக்கலாம். அம்மாவும் அதைத்தான் நம்பியிருக்கிறாள்.

முத்தங்களுடன்,
அக்கா

ஆகஸ்ட் 13, இரவு

அக்கா,

இன்று மாலை டீச்சர் என் அறைக்கு வந்தார். தலையணையைத் தூக்கிப் பார்க்கவில்லை, புத்தகப் பையைத் தொடவில்லை. பெட்டியிலிருந்த துணிகளை ஒரே அள்ளாக அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, நேரே அடி அட்டையைத் தூக்கினார். நோட்டு போய்விட்டது.

அது இருந்த இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நான் உன்னைச் சொல்லவில்லை. ஒளித்து வைக்கும்போது யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம். மாலையிலிருந்து அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ சொல்லவில்லை என்று ஒரே ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். சத்தியமாக.

நோட்டு போனால் போகட்டும். வேலியோரம் கொட்டிய மண்ணைக் கிளறிப் பார்த்தேன். புழுக்கள் உயிரோடு இருக்கின்றன. நாளை நடுவர்களை அங்கே கூட்டிப்போவேன். அதனால் உனக்கு அந்த வேலை கிடைக்காமல் போனால் என்னை

கதவைத் தட்டுகிறார்கள். டீச்சர் குரல்.

"வெளிச்சம் தெரியுது. இன்னும் தூங்கலையா? கதவைத் திற, மண்புழு."

அக்கா, இந்தப் பெயரை அவரிடம்