மூவாயிரத்தில் நின்றவர்

31 டிசம்பர் 1974, செவ்வாய். தேரா, வளைகுடா.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. வெளியே காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

மத்தியானம் அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் எண்பது இரும்புக் குழாய் கொண்டுவந்தார். எங்கள் லாஞ்சு அறுபதுக்கு மேல் தாங்காது. அது அவருக்குத் தெரியாது. எண்பதையும் ஏற்றினோம். முதலாளி சொன்னபடி துறைமுகப் பேப்பரில் அறுபது என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். லாஞ்சு ஓட்டுகிற இபுராகிம் எங்கள் ஊர்க்காரன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். "காக்கா, தண்ணி உள்ள வர ஒரு சாண்தான் பாக்கி இருக்கு" என்றான்.

"பக்கத்துத் தீவுதானே தம்பி, போய்ட்டு வா" என்றேன்.

லாஞ்சு கிளம்பியதும் இன்ஜினியர் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றிச் சொன்னார். அது அவர்கள் ஊர் கிரிக்கெட் மாதிரியாம். அந்த ஆள் தன் மூவாயிரமாவது அடியை அடித்து சீசனை முடித்தாராம். இரண்டு வருஷம் முன்னால், இதே தேதி ராத்திரி, பூகம்பத்தில் தவித்த ஜனங்களுக்குச் சாமான் எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறார். லோடு அதிகம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்துவிட்டது. உடல் கிடைக்கவே இல்லை. மூவாயிரம் மூவாயிரமாகவே நின்றுபோனது.

"ஒருத்தனாவது எடையைப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார்.

பார்த்திருப்பான். அங்கேயும் ஒருத்தன் கையில் பேப்பரோடு நின்றிருப்பான். தலையை மட்டும் ஆட்டினேன்.

லாஞ்சு அப்போது இன்னும் கிரீக் கழியைத் தாண்டிக் கடலுக்குள் போகவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.